கழுவாத கான்

இருங்கோ பிள்ளை, அந்தக் குறுக்குப் பலகையில நடுவா இருங்கோ. காலைக் கானுகளுக்கு இடையில நீட்டுங்கோ. கான் எண்டால் விளங்குதுதானே? உங்கட ஊரில கேன் எண்டுவீங்கள். எல்லாத்தையும் முன்னுக்கு அடுக்கினால் இந்தச் சின்னப் போட் தண்ணியில மூக்கைக் குத்தும், அதுதான் பாதியை உங்கட காலடியில வச்சனான். பயப்பிடாதேங்கோ, மூடியெல்லாம் இறுக்கித்தான் கிடக்கு. காற்சட்டை போட்டு வந்தது நல்லதாப் போச்சு. சாறியில டீசல் பட்டால் எத்தினை தரம் தோச்சாலும் மணம் போகாது. என்ர மனுசி பிலோமினாவைக் கேட்டால் கதை கதையாச் சொல்லுவாள்.

உங்கட யொட் எது? அந்த நீலக்கோடு போட்ட பாய்க்கப்பல்தானோ? வடிவாயிருக்கு. அதில நிண்டு கை காட்டுறது மகளோ? பக்கத்தில தகப்பன். சென்னையில இருந்து ஒரு பொம்பிளை கப்பித்தானா வந்திருக்கிறா எண்டு ஜெட்டியில கதைச்சாங்கள், நான் நம்பேல்லை. மனுசன் சமைக்க மனுசி சுக்கான் பிடிக்கிறா. நல்லதுதான். இனி எங்க பயணம்? அந்தமானோ! அப்ப காத்து விழுந்தால் பாயைச் சுருட்டிப்போட்டு எஞ்சினைத்தான் நம்போணும். நடுக்கடலில எஞ்சின் நிண்டால் ஆரைக் கூப்பிடுறது? அதாலதான் சொல்லுறன், டீசல் ஆரிட்ட வாங்கிறம் எண்டதில எல்லாம் கிடக்கு. நீங்கள் சரியான ஆளிட்டத்தான் வந்திருக்கிறீங்கள்.

பொறுங்கோ, இந்த எஞ்சினை ஒருக்கா இழுக்கோணும். ம். இன்னொருக்கா. கோதாரியில போக! ஆ, பிடிச்சிட்டுது. கொஞ்சம் இருமும், பேந்து சரியாகீடும்.

இஞ்ச திருகோணமலையில யொட் வந்து கட்டி எண்ணெய் அடிக்க இடமில்லை பாருங்கோ. பெற்றோல் செட் ரோட்டில கிடக்கு, யொட் கடலில நங்கூரம் போட்டுக் கிடக்கு, ரெண்டுக்கும் நடுவில நான் கிடக்கிறன். கானில நிரப்பி, போட்டில ஏத்தி, உங்கட யொட்டின்ர மேல்தட்டில கொண்டு வந்து தூக்கி வைக்கிற மட்டும் என்ர பொறுப்பு. முந்தி இந்தக் குடாவுக்கு வாற கப்பலுகளுக்கு நல்ல தண்ணி ஏத்தினதும் நான்தான். குடிக்கிற தண்ணி. ஒரு கப்பித்தான் ஒரு குறை சொன்னதில்லை. அந்தக் கையாலதான் இப்ப டீசலும் குடுக்கிறன்.

பாத்தீங்கள்தானே, காலமை எங்கட வீட்டு வாசலில உங்களுக்கு முன்னால வச்சே கானைக் கழுவினன்? அது சும்மா படம் காட்ட இல்லை. உங்கட வீட்டுக்கு ஒராள் வந்தால் என்ன செய்வீங்கள்? அலுமாரியில இருந்து எடுத்த காய்ஞ்ச தம்ளரில தண்ணி ஊத்திக் குடுப்பீங்களோ? மாட்டீங்கள். கழுவி வச்ச தம்ளர் எண்டாலும் வந்த ஆளின்ர கண்ணுக்கு முன்னால ஒருக்கா அலசி, ஈரத்தோடதான் குடுப்பீங்கள். ஈரம் தெரிஞ்சால்தான் கழுவினது எண்டு அவருக்குத் தெரியும். அதுதான் மரியாதை. நான் டீசலுக்கும் அந்த மரியாதைதான். சவுக்காரத் தண்ணி விட்டு, ஒரு பிடி குறுணிக் கல்லுப் போட்டுக் குலுக்கி, நல்ல தண்ணியில திரும்பத் திரும்ப அலசி, கவிட்டு ஒரு தட்டு. அந்தக் கையோட செட்டுக்குக் கொண்டு போய் நிரப்பிப் போடுவன். துணியால துடைக்கிறதே இல்லை, துணியின்ர அழுக்கு உள்ளுக்குப் போகும். காயவிடுறதும் இல்லை. காயவிட்டால் தூசு விழும், பூச்சி பூரும். இந்தக் குடாவில இப்பிடி ஆர் செய்வினம்? ஒருத்தரைக் காட்டுங்கோ பாப்பம்.

இப்பிடிப்பட்ட எனக்கு இந்த ஊர் வச்சிருக்கிற பேர் என்ன தெரியுமோ? தண்ணி இஞ்ஞாசி. சிரியாதேங்கோ. இஞ்ஞாசியார் எண்டு ஞானஸ்நானத்தில வச்ச பேர், கோயில்ல பூசைக்கு வாசகம் வாசிச்ச மனுசன் நான். இப்ப மீன் சந்தையில பின்னால நிண்டு "தண்ணி, தண்ணி" எண்டு கூப்பிடுறாங்கள். வெளியூர் ஆக்கள் கேட்டால் குடிகாரன் எண்டெல்லோ நினைப்பினம்? சாராயத்தைக் கையால தொட்டதில்லை. பிலோ ஒருநாள் மாவு வாங்கப் போன இடத்தில கடைக்காரன் "தண்ணி வீட்டு அக்காவுக்கு அளந்து குடு" எண்டானாம். வந்து அடுப்படியில இருந்து அழுதாள். அண்டைக்கு நினைச்சன், இந்தப் பேரை எனக்கு வாங்கித் தந்தவனை நான் விடமாட்டன். சாகும் மட்டும் விடமாட்டன்.

ஆரோ? ரெண்டு பேர். ஒருத்தன் வெள்ளைக்காரன், ஒருத்தன் என்ர சொந்த மச்சான். பிலோவின்ர தம்பி, ஜெறோம்.

வெள்ளைக்காரன் ஹென்றிக் எண்டு ஒரு டென்மார்க்காரன். செம்பட்டைத் தாடி. போன வருசத்துக்கு முதல் வருசம் வந்து இந்தக் குடாவிலதான் நங்கூரம் போட்டான். என்னட்டத்தான் டீசல் வாங்கினான். அவனுக்கும் உங்களைப் போலதான், முன்னால வச்சுக் கழுவிக் குடுத்தன். "வெரி கிளீன், வெரி கிளீன்" எண்டான். சந்தோசமாப் போனான். போனவன் துறைமுக வாயைத் தாண்டேல்லை, எஞ்சின் நிண்டுபோச்சு. காத்து கரைப் பக்கம். யொட்டை அப்பிடியே கோணேசர் மலைப் பாறைக்குத் தள்ளிக்கொண்டு போகுது. பாய் ஏத்தவும் நேரமில்லை. மீனுக்குப் போய்த் திரும்பி வந்த ஜெறோம்தான் கயிறு எறிஞ்சு இழுத்துக்கொண்டு வந்தவன்.

சரி, இழுத்துக்கொண்டு வந்தாய், நல்லது, புண்ணியம். அதோட விடவேண்டியதுதானே? அந்த வெள்ளைக்காரன் எஞ்சினைக் கழட்டி, உள்ளுக்குக் கிடந்ததை ஒரு ஜாம் போத்திலில பிடிச்சுக்கொண்டு ஜெட்டிக்கு வந்தான். வந்து, சனம் எல்லாம் மீன் ஏலம் கூறிக்கொண்டு நிக்கேக்கை, போத்திலை வெயிலுக்குப் பிடிச்சுக் காட்டினான். மேல டீசல், கீழ தண்ணி. பாதிக்குப் பாதி. "வோட்டர், வோட்டர்" எண்டு கத்துறான். எனக்கு விளங்காதோ? அந்த ஒரு சொல்லு ஆருக்கு விளங்காது? ஆனால் ஜெறோம் பக்கத்தில நிண்டுகொண்டு, எல்லாருக்கும் கேக்க, தமிழில எடுத்துச் சொல்லுறான்: "அத்தான், உங்கட டீசலில தண்ணியாம் அத்தான்." ரெண்டு தரம் அத்தான் போட்டான், நாய். அந்த மரியாதைதான் எனக்கு இண்டைக்கும் உள்ளுக்க எரியுது.

பேந்து ரேடியோ. இந்த யொட்டுக்காரர் காலமையில ஒருத்தரோட ஒருத்தர் ரேடியோவில கதைப்பினம், உங்களுக்குத் தெரியாததோ. காத்து எப்பிடி, மரக்கறி எங்க மலிவு, டீசல் ஆரிட்ட. அதில அவன் சொல்லிப்போட்டான், இஞ்ஞாசியிட்ட வாங்காதேங்கோ எண்டு. அண்டையோட ஒரு யொட் என்ர பக்கம் திரும்பேல்லை.

நான் சும்மா இருக்கேல்லை. அந்தச் செட்டு மனேச்சரிட்ட போய் ஏறினன், உன்ர தாங்கியில தண்ணி எண்டு. அவன் சிரிக்கிறான். "இஞ்ச அடிச்ச பஸ் ஓடுது, லொறி ஓடுது, உன்ர டீசல் மட்டும்தான் நீந்துது" எண்டான். சட்டையைப் பிடிச்சிட்டன். நாலு பேர் வந்துதான் விலத்தினவை. ஆனால் வீட்டை வந்து ஆறுதலா இருந்து யோசிச்சால், அவன் சொல்லுறது சரி. செட்டில பிழையில்லை. கான் என்னட்ட, கழுவினது நான், என்ர கானில பிழை வர வழியே இல்லை. அப்ப ஆர்? நடுவில கை வச்சது ஆர்? நான் செட்டில இருந்து வந்து கானை ஜெட்டியில வச்சிட்டு ஒரு பிளேன்ரீ குடிக்கப் போறனான். அந்த நேரம் ஜெட்டியில நிக்கிறது ஆர்? அதுக்குப் பிறகு யொட்டுகளுக்கு டீசல் குடுக்கத் தொடங்கினது ஆர்? ஜெறோம். நீங்களே கூட்டிப் பாருங்கோ.

பொறுங்கோ, இது திரும்ப இருமுது. கோவப்பட்டால் இதுக்கும் கோவம் வரும். பழைய எஞ்சின், நான் மாதிரித்தான்.

அவன்ர கானை நீங்கள் பாக்கோணும் பிள்ளை. கறுத்துப் போய், எண்ணெய்ப் பிசுக்குப் பிடிச்சு. தண்ணி எண்டதையே காட்டமாட்டான். ஊத்தி முடிஞ்சதும் வெயிலில கவிட்டுப் போட்டிட்டுப் போய்ப் படுத்திடுவான், சோம்பேறி. பிள்ளைக்குப் பால் கரைக்கிற வீட்டில அந்தக் கானை வச்சிருக்க எனக்கெண்டால் கூசும். ஆனால் அதில வாங்கின ஒரு யொட்டும் நிக்கேல்லை. ஒண்டும் நிக்கேல்லை! எல்லாம் பறக்குது. கடவுளுக்கு என்ன கண் தெரியாமல் போச்சுதோ எண்டு நான் கோயில்லயே சத்தமாக் கேட்டனான்.

கொழுப்பைப் பாருங்கோ, பிலோவிட்டச் சொல்லி விட்டிருக்கிறான்: "அக்கா, அத்தானைக் கானைக் காயவிடச் சொல்லு." எனக்குப் புத்தி சொல்ல வந்திட்டான். ஏன் சொல்லுறான்? நான் கானைக் காயவிட்டுத் தூசு பிடிக்க வைக்கோணும், அவன்ர கான் மாதிரி நாறவைக்கோணும், பேந்து ஊர் சொல்லோணும், பாத்தியோ இஞ்ஞாசியின்ர கானும் ஊத்தை எண்டு. எனக்கு விளங்காதோ? அண்டைக்குச் சொன்னன் பிலோவிட்ட, உன்ர தம்பி வீட்டு வாசல் நீ மிதிக்கக்கூடாது. அவன் வந்து என்ர காலில விழுந்து, நான்தான் தண்ணி ஊத்தினன் அத்தான் எண்டு சொல்லும் மட்டும், இஞ்ச இருந்து ஒருத்தரும் அங்க போறதில்லை.

அவள் எதிர்த்துச் சொல்லமாட்டாள், அவளின்ர சுபாவம் அப்பிடி. ஆனால் அடுத்த நாள் பாத்தால், பின் வேலியில, நட்டு நிக்கிற கதியால் தடி ஒவ்வொண்டிலயும், என்ர பழைய கானுகளைக் கவிட்டு வச்சிருக்கிறாள். காயட்டாம்! எனக்கு வந்ததே கோவம். இதென்ன, செக்கு வச்சிருக்கிறவன் வளவோ எண்டு கத்தினன். அப்பிடியே கிடக்கட்டும், என்ர கண்ணில காட்டாதே எண்டு சொல்லிப்போட்டு, வெள்ளைக் கானாப் புதுசு வாங்கினன். இந்தா, இதுதான். வெள்ளை எண்டால் உள்ளுக்க கிடக்கிற சுத்தம் வெளியால தெரியும்.

பேந்து? கழுவுறதைக் கூட்டினன். முந்தி மூண்டு தரம் அலசினது, அதுக்குப் பிறகு அஞ்சு தரம். ஒரு பிரெஞ்சுக்காரன் பாவமெண்டு வந்தான், ரேடியோக் கதை கேக்காதவன். அவனுக்கு அஞ்சு தரம். அவனும் நாலு நாளில திரும்பி வந்து கத்தினான். ஜெறோமின்ர கை எவ்வளவு நீளம் பாருங்கோ.

இனித்தான் கதை. கேளுங்கோ. இந்த வருசம் தை மாசம் ஒருநாள் பின்னேரம், நான் வாசலில இருந்து வலை பொத்துறன், படலையடியில ஒரு செம்பட்டைத் தாடி. ஹென்றிக்! தொப்பியைக் கழட்டிக் கையில பிடிச்சுக்கொண்டு நிக்கிறான். திரும்பி வந்திருக்கிறான். டீசல் வேணுமாம். ஜெறோம் எங்க? ஜெறோம் நீர்கொழும்பில, மனுசியின்ர சிறியதகப்பன்ர செத்தவீடு. கடற்படைக்காரர் காத்து மாறப் போகுதெண்டு சொல்லிப்போட்டாங்கள், இவன் அடுத்த நாள் வெளிக்கிட வேணும். என்னை விட்டால் ஆளில்லை. என்னை விட்டால் ஆளில்லைப் பிள்ளை! ரெண்டு வருசம் நான் மாதாவிட்டக் கேட்டது அதைத்தான். முகத்தில ஒண்டும் காட்டேல்லை. "ஓகே மிஸ்டர், டுமோரோ" எண்டன்.

பொய் ஏன் சொல்லுவான், மெய்யாத் தண்ணி ஊத்துவமோ எண்டு ஒரு நினைப்பு வந்தது. ஒரு செம்புத் தண்ணி காணும். நீ தண்ணி எண்டுதானே சொன்னாய், இந்தா குடி. கையும் செம்புக்குப் போயிட்டுது. ஆனால் செய்யேல்லை. ஏன் தெரியுமோ? ஊத்தினால் அவன் சொன்னது உண்மை எண்டு ஆகிப்போகும். நான் தண்ணி இஞ்ஞாசி எண்டு நானே ஒப்புக்கொண்ட மாதிரி. பழி வாங்கவும் ஒரு முறை இருக்கு. நான் கை சுத்தமானவன்.

அப்ப என்ன செய்தன் தெரியுமோ? கழுவேல்லை.

ஓம், கழுவேல்லை! பின் வேலியில ரெண்டு வருசமா வெயிலில வெந்துகொண்டு கிடந்த அந்தப் பழைய கானுகளை எடுத்தன். ஒரு சொட்டுத் தண்ணி காட்டேல்லை. அலசேல்லை. அப்பிடியே செட்டுக்குக் கொண்டு போய், அப்பிடியே நிரப்பி, அப்பிடியே கொண்டு போய்க் குடுத்தன். என்ர சீவியத்தில ஒராளுக்குக் கழுவாத ஏனத்தில ஒண்டு குடுத்தது அண்டைக்குத்தான். வந்த ஆளுக்கு எச்சில் தம்ளரில தண்ணி குடுக்கிற மாதிரி இருந்தது. ஆனால் உள்ளுக்க என்ன சந்தோசம் எண்டு சொல்ல ஏலாது. குடி மகனே, ரெண்டு வருசத் தூசையும் சேத்துக் குடி.

அவன் போத்திலொண்டில கொஞ்சம் ஊத்தி வெயிலுக்குப் பிடிச்சுப் பாத்தான். பேந்து என்னைப் பாத்தான். பேந்து என்ர கையைப் பிடிச்சுக் குலுக்கினான். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிண்டன். நாளைக்குத் தெரியுமடா உனக்கு எண்டு மனதுக்குள்ள.

விடிய எழும்பி கோணேசர் மலைக்குப் போயிட்டன். கோட்டைப் பக்கத்தால ஏறினால் துறைமுக வாய் முழுக்கத் தெரியும். பாறையில குந்தினன். அவன்ர யொட் வருது. இந்தா நிக்கப் போகுது. இந்தா. வாயைத் தாண்டுது. நிக்கேல்லை. சரி, கொஞ்சம் தள்ளி நிக்கும். தள்ளிப் போகுது. நிக்கேல்லை. காத்தே இல்லை, கடல் தட்டையாக் கிடக்கு, முழுக்க எஞ்சினில போகுது, போகுது, புள்ளியாகி மறைஞ்சும் போச்சு. மத்தியானம் மட்டும் அதில இருந்தன். கோயிலுக்கு வந்த சனம் என்னைப் பாத்து நேத்திக்கடன் காரன் எண்டு நினைச்சிருக்கும். வெயில் மண்டையைப் பிளந்தது. எனக்கு அழுகை வந்திட்டுது பிள்ளை, உண்மையா. ஒரு மனுசனுக்கு ஒரு பழி கூட ஒழுங்கா வாங்கக் குடுத்து வைக்கேல்லையே எண்டு.

அதோட விட்டானோ? இல்லை. போய்ச் சேந்த இடத்தில இருந்து ரேடியோவில சொன்னானாம், இஞ்ஞாசி திருந்தீட்டான், இந்தக் கடலிலயே சுத்தமான டீசல் அவன்ர டீசல்தான் எண்டு. அடுத்த கிழமை மூண்டு யொட் என்னைத் தேடி வருது. இஞ்ஞாசி, இஞ்ஞாசி எண்டு. பிலோ மெழுகுதிரி கொளுத்தினாள். நானும் நம்பினன், விசரன். அந்த மூண்டு யொட்டுக்கும் இந்தப் புது வெள்ளைக் கானுகளை ஏழு தரம் அலசி, பாத்துப் பாத்துக் கழுவி, நன்றியோட குடுத்தன்.

மூண்டு பேரும் திரும்பி வந்தாங்கள். மூண்டு பேர் கையிலயும் போத்தில்.

இப்ப விளங்குதோ அந்த டென்மார்க்காரன்ர விளையாட்டு? அவன் என்னைப் புகழ்ந்தது வேணுமெண்டு. நல்லாப் புகழ்ந்து ஆக்களை அனுப்பி, நான் தலை நிமிந்து நிக்கேக்கை ஜெறோமைக் கொண்டு தண்ணி ஊத்துவிச்சு, திரும்ப விழுத்தியிருக்கிறாங்கள். வெள்ளைக்காரன்ர பழி அப்பிடித்தான், கைகுலுக்கித்தான் செய்வாங்கள். ஏன் சிரிக்கிறீங்கள்? சிரிக்கேல்லையோ. சரி.

உங்களிட்ட ஏன் இதெல்லாம் சொல்லுறன் எண்டால், வாற சனிக்கிழமை ஜெறோமின்ர மூத்தவள் மெற்றில்டாவுக்குப் பாலையூத்துக் கோயில்ல கலியாணம். அந்தப் பிள்ளை பிறந்த நாள் தொட்டுக் குளிக்க வாத்தது பிலோ. எங்களுக்குப் பிள்ளையில்லை. அவள்தான் எங்கட பிள்ளை எண்டு வச்சிருந்தது. கிளிப்பச்சையில ஒரு சாறி வாங்கி அலுமாரியில வச்சிருக்கிறாள், எனக்குத் தெரியாதாம். ஒவ்வொரு நாளும் கதவைத் திறந்து பாத்திட்டு மூடுறாள். கேக்கமாட்டாள். கேட்டால் நான் ஏசுவன், ஏசிப்போட்டுப் போக விட்டாலும் விட்டிடுவன். கேக்காமல் இருக்கிறதுதான் எனக்கு முள்ளு.

நேற்று நீங்கள் ஜெட்டியில வந்து டீசல் கேட்டீங்கள். தமிழ்ப் பிள்ளை, பொய் சொல்லமாட்டா. ராவு மாதாவுக்கு முன்னால முழங்காலில நிண்டு வாக்குக் குடுத்தன்: தாயே, இந்தப் பிள்ளை என்ர டீசலில போய், நாளைக்குக் காலமை ரேடியோவில வாய் திறந்து நல்லது எண்டு ஒரு சொல்லுச் சொன்னால், எல்லாப் பழியையும் விடுறன், பிலோவை நானே கூட்டிக்கொண்டு போறன் கலியாணத்துக்கு. அதுதான் இண்டைக்கு உங்கட கானுக்கு ஏழு இல்லை, ஒன்பது தரம்.

ஐயோ. நிண்டிட்டுது. பொறுங்கோ, இழுக்கிறன். ம். ம்ம். இதுக்கென்ன வந்தது? மண்ணெண்ணெய்க் கானையும் கழுவித்தான் ஊத்தினன், நேற்றுக்கூட இதின்ர தாங்கியைக் கழட்டி அலசினனான். ம்! நாசமறுப்பு. சரி, துடுப்பு கிடக்கு. உங்கட யொட்டை விடக் கரைதான் கிட்ட.

என்ன பிள்ளை, ஏன் கானைச் சரிக்கிறீங்கள்? வெயிலுக்குப் பிடிச்சுப் பாக்க அதில என்ன கிடக்கு? அடியில வெள்ளையா வரி மாதிரியோ? அது கழுவின கானின்ர மினுக்கம். ஆடுதோ? போட் ஆடுது, அதுவும் ஆடும். மற்றக் கானிலயுமோ? எல்லாத்திலயுமோ?

அந்த டென்மார்க்காரனும் இப்பிடித்தான் பிடிச்சுப் பாத்தான்.

என்ன சொன்னீங்கள்? இன்னொருக்காச் சொல்லுங்கோ. காய்ஞ்ச கான் இருக்கோ எண்டோ? காய்ஞ்ச கான்! இந்தச் சொல்லு எனக்குத் தெரியும். இது ஆர் வாயில இருந்து வந்த சொல்லு எண்டும் தெரியும். எப்ப சந்திச்சவன் உங்களை? நேற்றோ? சந்திக்கேல்லையோ? ஜெறோம் ஆரெண்டே தெரியாதோ? அப்ப இந்தக் கதை உங்களுக்கு ஆகாசத்தில இருந்து வந்ததோ? ஒன்பது தரம் கழுவினனான் பிள்ளை. கை தோல் உரிஞ்சு கிடக்கு, இஞ்ச பாருங்கோ. அந்தக் கையைப் பாத்துக்கொண்டு, கழுவின தண்ணியே பிழை எண்டு சொல்லுறீங்கள்.

சரி. சரி, திருப்புறன். நீங்கள் சொல்லத் தேவையில்லை, ஏற்கெனவே கரைக்குத்தானே போறம். உங்களை என்ர சொந்தப் பிள்ளை மாதிரி நினைச்சன். அது என்ர பிழை.

அது ஆர் ஜெட்டியில? பிலோ. இந்த நேரத்தில இவளுக்கு இஞ்ச என்ன வேலை? பக்கத்தில ஆட்டோ நிக்குது. ஆட்டோவில இருந்து என்ன இறக்கிறாள்? அடி விசரி! பின் வேலிக் கானுகள்! கதியாலில கிடந்த அத்தினையும் பிடுங்கிக்கொண்டு வந்திருக்கிறாள். காலமை நான் கழுவேக்கை வாசல்படியில பாத்துக்கொண்டு நிண்டவள். ஆரிட்டயும் கேக்கேல்லை, ஆட்டோ பிடிச்சிட்டாள். பாருங்கோ, ஒவ்வொண்டாக் கவிட்டுத் தட்டிக் காட்டுறாள். உங்களுக்குத்தான் காட்டுறாள் பிள்ளை, எனக்கில்லை.

ஓ, அந்தக் கானுகளைக் கை காட்டுறீங்களோ? அதுதான் வேணுமோ? ரெண்டு பேரும் கதைச்சு வச்ச மாதிரி.

நல்லது. தாறன். இப்பவே செட்டுக்குப் போய் அதிலயே நிரப்பித் தாறன். அலசமாட்டன். ஒரு சொட்டுத் தண்ணி காட்டமாட்டன். நீங்களாக் கேட்டது, பிலோ சாட்சி, பேந்து என்னைக் குறை சொல்லக்கூடாது. ஹென்றிக்குக் குடுத்ததுதான் உங்களுக்கும். ரேடியோவில நாளைக்கு நீங்கள் என்ன சொல்லப் போறீங்கள் எண்டு எனக்குத் தெரியும், கிளிப்பச்சைச் சாறி அலுமாரியிலயே கிடக்கட்டும்.

உங்கட மகள் இன்னும் கை காட்டிக்கொண்டு நிக்குது. பாவம், அது என்ன செய்தது எனக்கு? பிள்ளை, அந்தச் சின்னனின்ர முகத்துக்காக எண்டாலும், ஒரே ஒருக்கா, ஒரே ஒரு தரம் அலசித் தரட்டோ?

வேண்டாமோ.

சரி. இறங்குங்கோ, பாத்து இறங்குங்கோ, படி வழுக்கும். பிலோ, கையைக் குடு அவவுக்கு. நிரப்பிக்கொண்டு வந்து, துடுப்பு வலிச்செண்டாலும் உங்கட யொட்டில ஏத்தி விடுறன். ஆனால் ஒண்டு மட்டும் சொல்லுறன். நடுக்கடலில, காத்து விழுந்து, பாயைச் சுருட்டிப்போட்டு எஞ்சின் திறப்பைத் திருகேக்கை, இந்த இஞ்ஞாசியை நினைப்பீங்கள் பிள்ளை. கட்டாயம் நினைப்பீங்கள்.